சரக்கு ரயில்களை ஒளிப்படம் எடுத்தல்: வெளிச்சமும் வானிலையும்

1837-ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ஓர் இருப்புப்பாதை போடப்பட்டது. சாலைகள் அமைப்பதற்கு வேண்டிய கல்லை நகருக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். ஆகவே, இந்திய நாட்டில் ரயில் முதலில் ஓடியது பயணிகளுக்காக அன்று, சரக்குக்காகவே. அந்த வண்டிகள் தொடக்கத்தில் எவ்வாறு இருந்தன என்பதைக் காட்டும் ஒளிப்படம் எதுவும் இல்லை, இருக்கவும் இயலாது. டாகேர் கண்ட ஒளிப்பட முறை பாரிஸ் நகரில் உலகிற்கு வெளியிடப்பட்டது 1839 ஆகஸ்டு மாதத்தில்தான்.

பின்னர் வந்தவற்றின் நிலை வேறு. சித்தரஞ்சன் தொழிற்சாலை தனது முதல் நீராவி எஞ்சினை 1950-இல் வெளியிட்டது. சரக்கு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஜி. என்னும் வகையைச் சேர்ந்தது அது. அதே வகையைச் சேர்ந்த கடைசி எஞ்சின் 1970-இல் வெளிவந்தது. 1995-இன் இறுதியில் அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் அன்றாட ஓட்டமே நின்றுவிட்டது. ஒருவரது உத்தியோக காலத்திற்குள்ளாகவே ஓர் எஞ்சின் குலம் தோன்றி மறைந்தது எனலாம். இன்று அகலப் பாதைகளின் மிகப் பெரும் பகுதி மின்மயமாகிவிட்டது. ஆதலால் டீசல் எஞ்சின்களும் அதே வழியில் மெல்ல விலகி வருகின்றன. இன்று எடுக்கப்படும் படம் நாளை ஒரு சான்று ஆகிறது. எடுக்கத் தவறிய படத்தையோ, எடுத்தும் கெட்டுப்போன படத்தையோ மீண்டும் எடுக்க வாய்ப்பு இருப்பதில்லை.

அத்தகைய சான்றுகளைக் கெடுப்பது வானிலை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. ஒவ்வொரு வானிலையும் ரயிலின் ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டுகிறது. மறைவது எது, தெரிவது எது என்று அறியாமல் காமிராவின் கணக்கை அப்படியே நம்புவதுதான் பெரும்பாலான படங்கள் கெடுவதற்குக் காரணம்.

ஒளிமானி செய்யும் பிழை

காமிராவினுள் ஒளியை அளக்கும் ஒளிமானி ஒன்று உண்டு. எதிரே இருப்பது கரியா, பனியா, எஞ்சினா என்பதை அது அறியாது. எதிரேயுள்ள காட்சி, தன்மீது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று அது கொள்கிறது. அதற்கேற்ப ஒளியை உள்ளே விடுகிறது. வயலும் மரமும் மனிதரும் கலந்த காட்சிகளில் இக்கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கும். கரி படிந்த எஞ்சின் காட்சியை நிறைக்கும்போது கணக்குப் பிசகுகிறது. கருமையைச் சாம்பல் நிறமாக்க முயன்று ஒளிமானி மிகுதியான ஒளியை விடுகிறது. எஞ்சின் வெளுத்து, பின்னாலுள்ள வானம் முற்றிலும் வெண்மையாகிவிடுகிறது. மூடுபனி காட்சியை நிறைக்கும்போது இதற்கு நேர்மாறாக வெண்மை மங்கி அழுக்கு நிறம் கொள்கிறது.

இதைப் பள்ளியில் எளிதாகச் செய்து காட்டலாம். கறுப்புத் துணி, வெள்ளைத் தாள், சாம்பல் நிற அட்டை ஆகிய மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொன்றும் காட்சி முழுவதையும் நிறைக்குமாறு கைபேசியின் காமிராவால் தானியங்கி முறையில் தனித்தனியே படமெடுக்க வேண்டும். மூன்று படங்களும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றுவதை மாணவர்கள் காண்பார்கள். பிறகு ஒளியின் அளவைக் கையால் கூட்டியும் குறைத்தும் எடுத்தால், கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வரும்.

ஒளியை இருமடங்காக்குவதையோ பாதியாக்குவதையோ ஒரு படி என்பர். இருண்ட எஞ்சின் காட்சியை நிறைத்தால் ஒளிமானி கூறும் அளவிலிருந்து சுமார் ஒரு படி குறைப்பதும், மூடுபனியில் சுமார் ஒரு படி கூட்டுவதும் நல்ல தொடக்கம் ஆகும். டிஜிட்டல் காமிராவில் மிகுந்த ஒளியால் முற்றிலும் வெளுத்த பகுதியை மீட்க முடியாது; ஆதலால் காட்சியின் வெண்மையான பகுதியைக் காப்பது முதல் கடமை. நெகட்டிவ் பிலிமிலோ ஒளி போதாத நிழற்பகுதிதான் திரும்ப வராது; அங்கே நிழலுக்கு ஏற்ப ஒளியை அளக்க வேண்டும்.

வேகமும் கோணமும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சரக்கு ரயில் ஒரு விநாடியில் 16.7 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 1/500 விநாடி திறந்திருந்தால், அதற்குள் ரயில் சுமார் 3.3 சென்டிமீட்டர் சென்றுவிடும். 50 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள லென்ஸைக் கொண்டு 25 மீட்டர் தொலைவிலிருந்து படமெடுத்தால், உருவம் உண்மை அளவில் 500-இல் ஒரு பங்காகக் காமிராவினுள் விழும். எனவே அங்கே ஏற்படும் நகர்வு 0.067 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில் 0.03 மில்லிமீட்டருக்கு உட்பட்ட நகர்வே கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றும் என்பது வழக்கமான கணக்கு. ஆகையால் 1/500 விநாடி போதாது. வாகனின் எழுத்துக்கள் மங்கிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஷட்டர் நேரத்தை 1/1000 விநாடியாகக் குறைப்பது. மற்றொன்று, பாதைக்கு நேர் குறுக்காகப் பார்க்காமல் சுமார் 30 பாகைச் சாய்வில், வண்டி வரும் திசையை நோக்கிப் பார்ப்பது. அப்போது குறுக்கு நகர்வு பாதியாகிவிடுகிறது; 1/500 விநாடியே ஏறக்குறையப் போதுமானதாகிறது. அதே படத்தில் எஞ்சினின் முகப்பும் பக்கமும் பின்தொடரும் வாகன்களின் வரிசையும் ஒருங்கே அமைகின்றன. கைபேசிக்கும் இச்சாய்வு நன்று. கைபேசியின் காமிரா காட்சியை வரிசை வரிசையாகப் பதிவு செய்வதால், குறுக்கே விரையும் வாகன்கள் ஒருபுறம் சாய்ந்தவைபோல் படத்தில் தோன்றுவதுண்டு.

ஒளியின் கணக்கையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெளிந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 என்னும் உணர்திறனுக்கு, எஃப் 16 துவாரமும் சுமார் 1/125 விநாடியும் பொருந்தும். ஷட்டரை 1/1000 விநாடியாக்கினால் துவாரத்தை எஃப் 5.6-க்கு விரிக்க வேண்டும். கருமேகம் மூடியபோது ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால், துவாரத்தை மாற்றாமல் உணர்திறனை 800 ஆக உயர்த்தினால் போதும். இதனால் படத்தில் சிறிது மணல்போன்ற புள்ளிகள் தோன்றலாம். ஆயினும் புள்ளிகள் தோன்றிய படத்தில் எஞ்சினின் எண்ணைப் படிக்க முடியும். அசைந்து மங்கிய படத்தில் முடியாது.

சூரியனின் நிலை

ரயில் எஞ்சினின் சிறப்பு உறுப்புகள் பல அதன் கீழ்ப்பகுதியில் அமைந்துள்ளன. சக்கரங்கள், வில்கள், பிரேக் கருவிகள் ஆகியவை மேற்கட்டின் நிழலில் மறைந்திருப்பவை. நண்பகல் வெயிலில் எஞ்சினின் மேற்பகுதி பளபளக்க, சக்கரங்கள் ஒரே கறுப்பாகிவிடும். சூரியன் அடிவானத்திற்கு மேல் 20 முதல் 30 பாகை உயரத்தில் இருக்கும் காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக உட்புகுந்து, மறைந்த உறுப்புகளைத் துலக்கிக் காட்டும்.

நம் நாட்டின் பெரும் பகுதியில் கோடையில் சூரியன் உச்சிக்கு மிக அருகில் வருகிறது. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும், நாகபுரியில் மே இறுதியிலும் ஜூலை நடுப்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்நாட்களில் நண்பகல் வேளையைத் தவிர்ப்பதே மேல். வடக்குத் தெற்காகச் செல்லும் பாதையில் காலையில் கிழக்குப் புறமும் மாலையில் மேற்குப் புறமும் நிற்க வேண்டும். கிழக்கு மேற்காகச் செல்லும் பாதையில், குளிர்காலத்தில் நாள் முழுவதும் தெற்குப் புறமே ஒளி படும் புறம். கோடையிலோ, விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால் வடபுறமும் ஒளி பெறும். குளிர்காலத்தில் ஒரு நாளும் வெயில் காணாத எஞ்சினின் வடபுறத்தைப் பதிவு செய்ய இதுவே காலம்.

வானம் ஒரே சீராக மேகமூட்டமாக இருக்கும் நாளையும் வீணெனக் கருத வேண்டியதில்லை. ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் நிழல்கள் மென்மையாகின்றன. வாகன்களின் அமைப்பைப் பாடத்திற்காகக் காட்ட விரும்பும் ஆசிரியருக்கு அந்நாளே சிறந்தது. வெறும் வெண்மையாகத் தோன்றும் வானத்தைப் படத்தில் குறைவாகச் சேர்த்தால் போதும்.

மூடுபனி

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கங்கைச் சமவெளியில் அடர்ந்த மூடுபனி படிகிறது. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறச் செய்கின்றன. அதனால்தான் மூடுபனி வெண்மையாக உள்ளது. தொலைவில் தெரியும் நீலநிற மங்கலுக்குக் காரணம் மிக நுண்ணிய துகள்கள். அவை நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு வடிகட்டி இந்த நீல மங்கலைக் குறைக்கும். மூடுபனியை அது குறைக்காது.

மூடுபனியில் பயன்படும் மருந்து ஒன்றே: அண்மை. கண்ணுக்குத் தெரியும் தொலைவு 200 மீட்டராக இருக்கும் பனியில், 25 மீட்டர் தொலைவிலுள்ள எஞ்சின் தன் இயல்பான ஒளி வேறுபாட்டில் சுமார் 61 சதவீதத்தை வைத்துக்கொள்கிறது. 50 மீட்டரில் அது 38 சதவீதமாகவும், 100 மீட்டரில் 14 சதவீதமாகவும் குறைகிறது. தொலைநோக்கு லென்ஸ் உருவத்தைப் பெரிதாக்குமே அன்றி, இழந்த வேறுபாட்டைத் திருப்பித் தராது. இவ்வாறு மூடுபனி வண்டியின் நீளத்தை மறைக்கிறது. அதே வேளையில், பின்னணியிலுள்ள கம்பங்களையும் கட்டிடங்களையும் அகற்றி, எஞ்சின் முகப்பின் வடிவத்தைத் தெளிவான வரையுருவமாகக் காட்டுகிறது. முகப்பு விளக்கின் ஒளிக்கதிர் காற்றில் நீண்டு தெரிவதும் பனியில்தான்.

அண்மை வேண்டும் என்பதால் இருப்புப்பாதையை அண்ட வேண்டும் என்பது பொருளன்று. மூடுபனியில் வண்டி வருவதைக் கண் தாமதமாகவே அறியும். மின்சார எஞ்சினின் ஓசையும் குறைவு. நடைமேடையின் உட்புறமே இதற்குத் தகுந்த இடம்.

மழை

கர்நாடகத்தின் காஸல் ராக் நிலையத்திலிருந்து கோவாவின் குலேம் வரை இறங்கும் பிரகான்ஸா மலைப்பாதையில், ஒவ்வொரு 37 மீட்டருக்கும் 1 மீட்டர் உயரம் மாறுகிறது. மர்மகோவா துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியை ஏற்றிய வண்டிகள் இவ்வழியே மேலேறுகின்றன. முன்னே எஞ்சின்கள் இழுக்க, பின்னே வேறு எஞ்சின்கள் தள்ளுகின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே ஒளி மிகவும் குறைவு. எனினும் ஏற்றத்தில் வண்டியின் வேகமும் குறைவே. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வண்டியைச் சாய்வாகப் பார்த்தால் 1/250 விநாடியே போதும். ஒளியின் குறைவை வேகத்தின் குறைவு ஈடு செய்கிறது.

பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60 விநாடியில் அது 13 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடாகப் பதியும். 1/500 விநாடியில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான கீற்றாகும். மழை பெய்வதைப் படத்தில் காட்ட வேண்டுமாயின் ஷட்டரை மெதுவாக்கி, இருண்ட எஞ்சினையோ மலையையோ பின்னணியாகக் கொள்ள வேண்டும். வெண்ணிற வானத்தின் முன் மழை தெரியாது.

நனைந்த பொருள்களின் நிறம் ஆழ்ந்து தோன்றும். துருவின் செம்மையும், பைலதிலாவிலிருந்து விசாகப்பட்டினம் வரும் வாகன்களில் படிந்த இரும்புத்தாதுவின் செந்நிறமும் மழை நாளில்தான் முழுமையாக வெளிப்படுகின்றன. ஈரப் பரப்பின் பளபளப்பு எழுத்துக்களை மறைத்தால், முனைவாக்கும் வடிகட்டியை லென்ஸின் முன் மெல்லச் சுழற்றி அதைக் குறைக்கலாம். நீரும் வண்ணப்பூச்சும் தெறிக்கும் ஒளிக்கு இது பயன்படும்; வெறும் உலோகமாகிய தண்டவாளத்தின் பளபளப்பு இதனால் பெரிதும் குறையாது.

குளிர்சாதன அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் காமிராவைத் திடீரெனக் கொண்டுவந்தால் லென்ஸில் நீராவி படியும். காமிராவை மூடிய பையிலேயே வைத்து, வெளி வெப்பநிலைக்கு வந்த பின் எடுப்பது நலம்.

வெப்ப அலையும் தூசியும்

2021 ஜனவரியில் மேற்குச் சரக்குத் தனிப்பாதையின் ரேவாரி–மதார் பகுதி திறக்கப்பட்டபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டகங்கள் அடுக்கிய, ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மின்சாரச் சரக்கு ரயில் ஓடியது. அத்தகைய நீண்ட வண்டியை முழுமையாகக் காட்டத் தொலைவிலிருந்து எடுக்க வேண்டும். கோடை நண்பகலில் சூடான சரளைக் கற்களின்மேல் எழும் காற்றுப் படலங்கள் ஒளியைப் பலவாறு வளைத்துவிடும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கூர்மையான படம் தராது. சூரியன் உதித்தவுடன், தரை சூடேறுமுன் எடுப்பதே வழி. பாதைக்கு மேலாக உயர்ந்த நிலத்திலிருந்து பார்த்தால் அலையின் தொல்லை குறையும். தூசி பறக்கும் இடத்தில் லென்ஸை மாற்றலாகாது.

இரவு

முழு நிலவின் ஒளி, வெயிலில் லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. எனவே ஓடும் வண்டியை இரவில் எடுப்பது அரிது. யார்டில் நிற்கும் வண்டியைக் காமிராவை அசையாமல் தாங்கவைத்துச் சில விநாடிகள் ஒளிபட விடலாம். பழைய சோடியம் விளக்குகள் இருக்கும் யார்டுகளில் ஒளி பெரும்பாலும் மஞ்சள் மட்டுமே. நீலவண்ண எஞ்சின் அங்கே கறுத்துத் தோன்றும். இல்லாத நிறத்தைப் பின்னர் எந்த முறையாலும் வரவழைக்க இயலாது. வெள்ளொளி தரும் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் இக்குறை இல்லை.

அமெரிக்காவின் வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை, மறைந்துகொண்டிருந்த நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் பாதையின் நீராவி ரயில்களை இரவிலேயே பெரும்பாலும் படமெடுத்தார். பகலில் சூரியன் நின்ற இடத்தையே ஏற்க வேண்டும். இரவில் ஒளியைத் தாம் விரும்பும் இடத்தில் அமைக்கலாம் என்பது அவர் கண்ட முறை. 1956-இல் எடுத்த ஒரு புகழ்பெற்ற படத்தில் விரையும் சரக்கு ரயிலை ஒளிரச் செய்ய நாற்பதுக்கும் மேற்பட்ட மின்வெட்டுக் குமிழ்கள் ஒரே கணத்தில் எரிக்கப்பட்டன. ரயில்வே நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் நடைபெற்ற முயற்சி அது. அத்தகைய ஏற்பாடு இல்லாத எவரும் வரும் ரயிலை நோக்கி மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்தலாகாது. ஓட்டுநரின் கண் கூசி, அவர் காண வேண்டிய கைகாட்டி விளக்கு மறைந்துவிடும்.

உயிர்க்காப்பு

காமிராவினுள் பார்ப்பவர் காட்சியின் ஒரு சிறு பகுதியையே பார்க்கிறார். தொலைநோக்கு லென்ஸில் வண்டியின் தூரமும் வேகமும் தவறாகத் தோன்றும். பக்கத்துப் பாதையில் வரும் வண்டி தோன்றவே தோன்றாது. ரயில்வே எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. கம்பியைத் தொடாமலே, நெருங்கினாலே அது பாயக்கூடும். உயிருள்ள கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் உடலோ, குடையோ, காமிராத் தாங்கியோ செல்லலாகாது. வாகன்மீது ஏறுவது எக்காரணம் கொண்டும் கூடாது. பணி நிமித்தம் யார்டிலோ பாலத்தின் அருகிலோ படமெடுக்க வேண்டியவர்கள் முன்னதாகவே ரயில்வே அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். மாணவர்களை நடைமேடைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், படமெடுப்பவர் ஒருவருக்குக் காவல் பார்ப்பவர் ஒருவர் என இணை இணையாகப் பிரித்து நிறுத்துவது நல்ல ஒழுங்கு.

குறிப்பேடு

குறிப்பில்லாத படம் பாதிச் சான்றே ஆகும். நாள், மணி, இடம், வண்டி சென்ற திசை, எஞ்சினின் வகையும் எண்ணும், ஏற்றியிருந்த சரக்கு, வானிலை ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். வகைப் பெயரே ஒரு பாடமாகும். டபிள்யூ.ஏ.ஜி. என்பதில் முதலெழுத்து அகலப் பாதையையும், இரண்டாவது மாறுமின்னோட்டத்தையும், மூன்றாவது சரக்கையும் குறிக்கும். நடுவில் டி என்னும் எழுத்து வந்தால் அது டீசல். நடுவெழுத்தே இல்லாத டபிள்யூ.ஜி. நீராவிக் காலத்தது.

மேகம் சூழ்ந்தது என்று காமிராவை மூடிவைப்பவருக்கு வெயில் நாள் ரயில்கள் மட்டுமே கிடைக்கும். ரயில்களோ ஆண்டு முழுவதும், மழையிலும் பனியிலும் இரவிலும் சரக்கை ஏற்றிச் செல்கின்றன. செங்குன்றத்துக் கல்வண்டிகளைப் படமெடுக்க அன்று காமிரா இல்லை. இன்று அது பெரும்பாலோர் கையில் இருக்கிறது. ஒளியை அறிந்து, எச்சரிக்கையோடு பயன்படுத்துவோரே இனி வேண்டும்.